நைஸ், நயம், நைதல்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருள் வரலாறும் தமிழ் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பெயரடைகளுள் ஒன்று ‘நைஸ்’. அறியாமையைக் குறித்த இலத்தீன் சொல்லொன்றிலிருந்து பிறந்த இது, பேதைமை, கூச்சம், நுண்மை, துல்லியம் ஆகிய பொருள்களைக் கடந்து இன்று இனிமையைக் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சுவழக்கிலும் இச்சொல் வேரூன்றியுள்ளது. எனினும் இன்றைய ஆங்கிலத்தில் தலைமை பெற்ற ‘இனிமை’ப் பொருள் தமிழில் ஓரத்திலேயே நிற்கிறது. வழவழப்பு, பொடித்தன்மை, ஓசையற்ற தந்திரம், இச்சகம் ஆகிய பொருள்களே நடுவில் நிற்கின்றன. இவ்வேறுபாட்டை விளக்கும் இக்கட்டுரை, கடன்சொல்லின் வடிவம் ஆங்கிலத்திற்கு உரியதாயினும் அதன் பொருட்போக்கைத் தமிழின் நுண்மைச் சொற்களே நெறிப்படுத்தின என்று நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பெயரடை, வினையடை, கடன்சொல், பொருள்மாற்றம், உயர்பொருட்பேறு, உரிச்சொல், நுண்மை.

முன்னுரை

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்ற நாள்களில், மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றில் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்னும் ஆங்கிலத் தொடருக்கு ‘நல்ல வேறுபாடு’ என இக்கட்டுரையாளர் எழிதியதுண்டு. அத்தொடரின் பொருள் அதுவன்று. எளிதில் புலப்படாத, கூர்ந்து நோக்கினாலன்றிப் பிடிபடாத நுண்ணிய வேறுபாடு என்பதே அதன் பொருள். ஆனால் இந்த நுண்மைப் பொருள் கட்டுரையாளருக்கு முற்றிலும் புதியதும் அன்று. ஆங்கிலக் கல்வி பெறாத தாயார் ‘மாவு இன்னும் நைசா அரைபடல’ என்று அன்றாடம் சொல்லக் கேட்டதே அது. அடுக்களையில் அறிந்திருந்த பொருள் வகுப்பறையில் நினைவுக்கு வரவில்லை. ஆங்கிலச் சொல் ஒன்று, பாடமாகக் கற்ற இடத்தில் ஒரு பொருளும் பேச்சாகப் பழகிய இடத்தில் வேறொரு பொருளும் கொண்டிருப்பது ஏன் என்ற வினாவே இவ்வாய்வுக்குத் தோற்றுவாய்.

கடன்சொற்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் ஒலிமாற்றத்திற்கும் எழுத்து வடிவத்திற்கும் தரும் இடத்தைப் பொருள்மாற்றத்திற்குத் தருவது குறைவு. வந்த சொல் வந்த பொருளிலேயே வழங்கும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ‘நைஸ்’ என்னும் சொல் அவ்வெண்ணத்தை மறுக்கும் நல்ல சான்றாகும்.

ஆங்கிலத்தில் பொருள் வளர்ந்த நெறி

இச்சொல்லின் மூலம் ‘நெஸ்கியுஸ்’ என்னும் இலத்தீன் சொல். எதிர்மறையை உணர்த்தும் ‘நெ’ என்பதும், அறிதலைக் குறிக்கும் ‘ஸ்கீரே’ என்னும் வினையும் கூடி, ‘அறியாதவன்’ என்னும் பொருளைத் தந்தன. அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் இதே வினையடியிலிருந்து வந்ததே. ஆகவே ‘நைஸ்’, ‘சயின்ஸ்’ இரண்டும் ஒருவேர்ச் சொற்கள். ஒன்று அறியாமையிலும் மற்றொன்று அறிவிலும் தொடங்கின.

பழம் பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி இச்சொல் ஆங்கிலத்திற்குள் வந்தபோது ‘பேதை’, ‘மடமையுடைய’ என்பனவே அதன் பொருள்கள். சாசரின் படைப்புகளில் இப்பொருளாட்சியைக் காணலாம். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது பல கிளைகளாகப் பிரிந்தது. பேதைமை கூச்சத்திற்கும், கூச்சம் சிறியவற்றுக்கெல்லாம் தயங்கும் இயல்புக்கும், தயக்கம் எதையும் எளிதில் ஏற்காமல் பொறுக்கி எடுக்கும் இயல்புக்கும் வழிவிட்டன. பொறுக்கி எடுப்பவர் சிறுவேறுபாட்டையும் காண்பவர். ஆதலால் நுண்மை, துல்லியம் ஆகிய பொருள்கள் தோன்றின. நுண்மை சிறுமையையும் உணர்த்தக்கூடும். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ஒரு கடிதம் அற்பமானதன்று எனக் கூறுமிடத்தில், ‘அற்பமான’ என்னும் பொருளில் இச்சொல்லே வருகிறது. 16, 17ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எப்பொருள் கருதப்பட்டது எனத் துணிவது அரிது என்பதை ஆங்கில அகராதியியலாரே சுட்டியுள்ளனர்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி இச்சொல்லுக்கு முதற்பொருளாகத் தருவது நுட்பமான துல்லியத்தையே. இனிமைப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைதூக்குகிறது. பிறரிடம் அன்பாக நடந்துகொள்ளும் இயல்பைக் குறிப்பது அதற்கும் பிற்பட்டது. இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தின் சான்றாக ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவல் அமைகிறது. ஆசிரியர் மறைந்த பின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அந்நாவலில், கதைத்தலைவி ஒரு நூலை இச்சொல்லால் புகழ்கிறாள். ஹென்றி டில்னி என்னும் பாத்திரம், நூலின் அட்டைக்கட்டு நேர்த்தியாக இருப்பதையா குறிப்பிடுகிறாய் என்று அவளைக் கேலி செய்கிறான். நேர்த்தி, நயத்தக்க நாகரிகம் போன்றவற்றைக் குறித்த ஒரு சொல் எதைப் புகழவும் எடுத்தாளப்படும் பொதுச்சொல்லாகிவிட்டதே என்பது அவன் குறை.

பேதைமையிலிருந்து இனிமைக்கு உயர்ந்ததால் இது உயர்பொருட்பேற்றுக்கு எடுத்துக்காட்டு. நறுமணத்தையும் உணர்த்திய தமிழ் ‘நாற்றம்’ தீமணத்திற்கே உரியதாகிப் போன இழிபொருட்பேற்றுக்கு இது நேர்மாறு. அதே வேளையில், குறிப்பான நுண்மைப் பொருளை இழந்து எல்லாவற்றுக்கும் அடையாகிவிட்டதால் இது பொதுப்பொருட்பேறும் ஆகிறது. மதிப்பு உயர்ந்தது, கூர்மை மழுங்கியது.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் பயன்பாட்டை ஐந்தாகத் தொகுக்கலாம். இனிய பொருளையோ நிகழ்வையோ சுட்டுதல் முதலாவது. அன்பான நடத்தையைச் சுட்டுதல் இரண்டாவது. பழைய நுண்மைப் பொருள் சில தொடர்களில் மட்டும் எஞ்சி நிற்றல் மூன்றாவது. ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்பதுபோல் மற்றோர் அடையை மிகுவித்தல் நான்காவது. ‘நைஸ் மெஸ்’ என்பதுபோல் எள்ளலாக வருதல் ஐந்தாவது. பின்னிரண்டிற்கும் தமிழ் ‘நல்ல’ ஒப்பாகும். ‘நல்ல இருட்டு’, ‘நல்ல பசி’ என்பவற்றில் அது மிகுதியையும், ‘நல்ல வேலை செய்தாய்’ என்பதில் எள்ளலையும் உணர்த்துகிறது. முதலிரு பயன்பாடுகளுக்கும் ‘நல்ல’ பெரும்பாலும் பொருந்துவதால், மூன்றாவதற்கும் அதையே இட்டுவிடும் பிழை நேர்கிறது.

தமிழ் வழக்கில் பொருள்கள்

தமிழ்ப் பேச்சில் இச்சொல்லின் ஆட்சியைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. வழவழப்பு: தொடுபுலனால் அறியும் மென்மை. ‘துணி நைசாக இருக்கிறது’, ‘பலகையை நைசாக இழைத்தார்’.

2. பொடித்தன்மை: துகள் சிறுத்து நெருடல் இல்லாதிருத்தல். ‘உளுந்தை நைசாக அரைக்க வேண்டும்’. இதன் எதிர்ச்சொல் ‘கரகரப்பாக’ அல்லது ‘கொரகொரப்பாக’ என்பது. இட்லிக்கு அரிசியைச் சற்றுக் கரகரப்பாகவும் உளுந்தை நைசாகவும் அரைப்பர். தோசைக்கு இரண்டையும் நைசாக அரைப்பர். இங்கு இச்சொல் பாராட்டன்று, ஓர் அளவு. இட்லி மாவில் அரிசி நைசாகிவிட்டால் அது குறையாகவே கருதப்படும்.

3. மறைவான தந்திரம்: பிறர் கவனத்தில் படாமல் ஒன்றைச் செய்தல். ‘கூட்டம் முடியுமுன் நைசாக நழுவிவிட்டான்’, ‘பேச்சுக்கிடையே நைசாகச் சாவியை எடுத்துக்கொண்டான்’.

4. இச்சகம்: காரியம் கருதி இதமாகப் பேசுதல். ‘அப்பாவை நைஸ் பண்ணிப் பணம் வாங்கினான்’, ‘நைசாகக் கேட்டுப் பார்’. இதனோடு எதுகைபட ஒலிக்கும் ‘ஐஸ் வைத்தல்’ என்ற வழக்கு புகழ்ந்து குளிர்விப்பதைச் சுட்டுவது. பனிக்கட்டியைக் குறிக்கும் பெயரிலிருந்து பிறந்த அது வேறு சொல்லாயினும், பேச்சில் இரண்டும் ஒரே சூழலில் வருகின்றன.

5. இனிமை, நற்பண்பு: ‘படம் ரொம்ப நைஸ்’, ‘அவர் ரொம்ப நைஸ்’.

இவ்வைந்தனுள் இறுதியானது மட்டுமே இன்றைய ஆங்கிலத்தின் தலைமைப் பொருளோடு ஒத்தது. அது ஆங்கிலக் கல்வி பெற்றோர் பேச்சிலேயே இயல்பாக ஒலிக்கிறது. முதல் நான்கும் ஆங்கிலம் அறியாதார் பேச்சிலும் தடையின்றி வழங்குகின்றன. மூன்றாம், நான்காம் பொருள்கள் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உரிய பொருள்களும் அல்ல.

வடிவமும் இவ்வேறுபாட்டை உறுதி செய்கிறது. இனிமைப் பொருளில் இச்சொல் பெரும்பாலும் உருபேற்காமல் பயனிலையாக நிற்கிறது. ஏனைய பொருள்களில் ‘ஆக’, ‘ஆன’ ஆகியவற்றையோ ‘பண்ணு’ என்னும் துணைவினையையோ ஏற்றுத் தமிழ்ச்சொல்லாகவே நடக்கிறது. ஒலியளவிலும் அது தமிழுக்கு இசைந்தது. ஆங்கிலச் சொல்லின் ஈருயிரொலிக்குத் தமிழ் ஐகாரம் நேராக உள்ளது. ‘ஆக’ சேர்ந்தவுடன் இறுதி மெய் உயிரிடை நிற்பதால், கிரந்த எழுத்தின்றி ‘நைசாக’ என்று எழுதினாலும் ஒலி மாறுவதில்லை. இச்சொல் தமிழுக்குள் இருமுறை வந்தது என்று கருத இவ்வடிவ வேறுபாடு இடமளிக்கிறது. முன்னது பேச்சுவழியே வந்து ஊன்றியது. பின்னது கல்விவழியே வந்து மேலே படிந்தது.

பதிலீட்டுச் சோதனை

‘நைசாக’ என்னும் ஒரே வினையடை இருவேறு வகையில் பொருள்படுவதை அது தழுவும் வினையே தீர்மானிக்கிறது. அரை, இடி, பொடி, தேய் முதலிய வினைகளோடு வரும்போது அது செயலின் விளைவைச் சுட்டுகிறது. அரைப்பவர் நைசாக இல்லை, அரைபட்ட மாவே நைசாக உள்ளது. நழுவு, எடு, கேள், பேசு முதலியவற்றோடு வரும்போது செயலாற்றும் முறையைச் சுட்டுகிறது.

தமிழ்ச் சொற்களை இட்டு நோக்கினால் இது மேலும் தெளிவாகும். ‘மாவை மைய அரைத்தாள்’ என்பது பொருந்தும், ‘மைய நழுவினான்’ என்பது பொருந்தாது. ‘மெல்ல நழுவினான்’ என்பது பொருந்தும், ‘மெல்ல அரைத்தாள்’ என்றால் மாவின் தன்மை போய் அரைக்கும் வேகமே பொருளாகிவிடும். ‘நயமாகக் கேட்டான்’ என்பது பொருந்தும், ‘மாவை நயமாக அரைத்தாள்’ என்பது வழக்கில் இல்லை. ஆக மைய, மெல்ல, நயமாக ஆகிய மூன்று சொற்கள் பகிர்ந்துகொண்ட இடங்களில் ‘நைசாக’ என்னும் ஒரு சொல் நிற்கிறது. ஏற்கெனவே சொல் இருந்தும் கடன்சொல் ஏன் நிலைபெற்றது என்பதற்கு இதில் ஒரு விடை உண்டு. தனித்தனியே நின்ற மூன்று பொருள்களுக்கும் பொதுவான ஓர் உணர்வை, நெருடல் இன்மையை, அது ஒரு சொல்லில் தந்தது. நாவில் நெருடாத மாவு, கையில் நெருடாத துணி, பிறர் கவனத்தில் நெருடாத செயல், செவியில் நெருடாத பேச்சு ஆகிய நான்கும் இவ்வுணர்வில் ஒன்றுபடுகின்றன.

நுண்மைப் பொருள் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் அருகிப்போன நுண்மைப் பொருள் தமிழில் செழித்திருப்பதைக் கண்டு, அப்பழம்பொருளைத் தமிழ் காப்பாற்றி வைத்துள்ளது எனக் கூறத் தோன்றும். கவர்ச்சியான கருத்தாயினும் அதை ஏற்பதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது காலம். 1835இல் ஆங்கிலக் கல்வி அரசின் கொள்கையாகி மெல்லப் பரவியபோது, இச்சொல்லின் இனிமைப் பொருள் ஆங்கிலத்தில் ஓங்கிவிட்டது. இரண்டாவது பொருளின் இயல்பு. ஆங்கிலத்தின் நுண்மைப் பொருள் பெரிதும் கருத்தளவிலானது. தீர்ப்பு, வேறுபாடு, கணக்கு ஆகியவற்றின் துல்லியத்தைச் சுட்டுவது. தமிழின் நுண்மையோ தொட்டறியும் பருப்பொருளின் பண்பு. மாவின் நுண்மைக்கு ஆங்கிலம் ‘ஃபைன்’ என்னும் வேறு சொல்லையே ஆள்கிறது.

ஆதலின் விடையைத் தமிழுக்குள்ளேயே தேடவேண்டும். இங்கு மூன்று சொற்குடும்பங்கள் கருதத்தக்கன.

முதலாவது ‘நை’ என்னும் வினை. நைதல் என்பது மசிதல், குழைதல், இழை தளர்தல் ஆகிய பொருள்களை உடையது. நைந்த துணி, நைய அரைத்தல், நையப் புடைத்தல் என்பன இன்றும் வழங்குபவை. ‘நைய அரை’ என்பதற்கும் ‘நைசா அரை’ என்பதற்கும் ஒலியிலும் பொருளிலும் உள்ள நெருக்கம் வெளிப்படை.

இரண்டாவது ‘நயம்’. இனிமை, நேர்த்தி, உயர்தரம் ஆகியவற்றைச் சுட்டும் இச்சொல், ‘நயவஞ்சகம்’ என்னும் தொகையில் வஞ்சகத்தின் மேற்பூச்சாகவும் வருகிறது. இதமான சொல்லுக்குள் சூழ்ச்சி இருக்கலாம் என்ற கருத்துத் தொடர்பு, கடன்சொல் வருமுன்பே தமிழில் இருந்தது. ‘நைஸ் பண்ணுதல்’ அதே தடத்தில் நடக்கிறது.

மூன்றாவது நுண்மையை உணர்த்தும் உரிச்சொற்கள். தொல்காப்பியர் உரியியலில் நொசிவு, நுழைவு, நுணங்கு ஆகிய மூன்றையும் நுண்மைப் பொருளன என்கிறார். இவற்றுள் ‘நுழைவு’ சிறப்பாக நோக்கத்தக்கது. நுண்ணியதே நுழையும், நுழைவது பிறர் கண்ணுக்குத் தப்பும். கூர்த்த அறிவை ‘நுழைபுலம்’ என்று வழங்கியதும் இதனாலேயே. மாவின் நுண்மையைச் சுட்டிய ‘நைசாக’ என்பது ஓசையின்றி நுழைதலையும் நழுவுதலையும் சுட்டத் தொடங்கியது புதிய பாய்ச்சல் அன்று. நுண்மைக்கும் நுழைவுக்கும் இடையே தமிழ் முன்னரே கண்டிருந்த உறவின் தொடர்ச்சி அது.

ஓர் எதிர்வாதத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலையாளப் பேச்சிலும் இச்சொல் ‘ஓசைப்படாமல்’ என்னும் பொருளில் வழங்குகிறது. அவ்வாறாயின் இதைத் தமிழ்ச் சொற்களின் செல்வாக்கு என்பது தகுமா எனக் கேட்கலாம். மலையாளத்திலும் ‘நயத்தில்’ என்பது பக்குவமாக, சாதுரியமாக என்னும் பொருளில் வழங்குகிறது. எனவே இச்சான்று மேற்கருத்தை மறுக்கவில்லை, தமிழோடு உறவுடைய மொழியிலும் அதே தடம் இருப்பதையே காட்டுகிறது. மேலும், வழவழப்பிலிருந்து தந்திரத்திற்குப் பொருள் நகர்வது எம்மொழியிலும் நிகழக்கூடியது. ஆங்கிலத்தில் வழவழப்பைக் குறிக்கும் ‘ஸ்மூத்’ என்னும் சொல் பசப்புப் பேச்சையும் குறிக்கிறது. ஆங்கிலம் அச்சொல்லால் உணர்த்தியதைத் தமிழ் ‘நைஸ்’ என்பதால் உணர்த்துகிறது.

ஒலியொப்புமை பற்றிய ஓர் எச்சரிக்கை

மேற்கூறியவற்றைக் கொண்டு ‘நைஸ்’ என்பதே ‘நை’ என்னும் தமிழ் வேரிலிருந்து பிறந்தது என்று எவரும் முடிவுகட்டலாகாது. இச்சொல்லே அத்தகைய பிழையை ஒருமுறை சந்தித்திருக்கிறது. ஜான்சன் தம் அகராதியில் இதை ‘மென்மையான’ என்னும் பொருளுடைய பழைய சாக்சன் சொல்லோடு தொடர்புபடுத்தினார். ஒலியும் பொருளும் ஒத்திருந்தமையே அதற்கு ஏது. பின்வந்த சொற்பிறப்பியலார் இலத்தீன் மூலத்தை நிறுவியபின் அக்கருத்து கைவிடப்பட்டது. பேரறிஞர் ஒருவரையே வழிதவறச் செய்த ஒலியொப்புமை நம்மையும் தவறச் செய்யக்கூடும். சொல்லின் பிறப்பு வேறு, அது குடிபுகுந்த இடத்தில் பெற்ற பொருட்சாய்வு வேறு. முன்னதை நிறுவ வரலாற்றுச் சான்று வேண்டும். பின்னதற்கு வழக்கே சான்று. இக்கட்டுரை பின்னதையே பேசுகிறது.

அகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயன்

இவ்வாய்வால் இரு பயன்கள் உண்டு. ஒன்று மொழிபெயர்ப்பு சார்ந்தது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் இச்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர் முதலில் நுண்மை, துல்லியம், பொறுக்கும் இயல்பு ஆகிய பொருள்களைச் சோதித்துப் பார்த்த பின்னரே இனிமைக்கு வரவேண்டும். நுண்ணிய, நுணுக்கமான, கூர்த்த ஆகியவை அங்குப் பொருந்தலாம். இக்கால உரையாடல்களில், முதற்சந்திப்பில் கூறும் ‘நைஸ் டு மீட் யூ’ போன்ற முகமன் தொடர்களுக்குப் பெயரடையே தேவையில்லை. ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று தொடரமைப்பையே மாற்றுதல் தமிழ் மரபு.

மற்றொன்று அகராதி சார்ந்தது. ‘நைசாக’ போன்றவற்றை ஆங்கிலச் சொல் என்று ஒதுக்கினால், ஆங்கில அகராதியில் தேடிப் பொருள் காணலாம் என்றாகிறது. ஆனால் ‘நைசாக நழுவினான்’ என்பதன் பொருள் எந்த ஆங்கில அகராதியிலும் ‘நைஸ்’ என்பதன்கீழ் கிடைக்காது. அப்பொருள் தமிழில் பிறந்தது. அதைப் பதிவு செய்வது தமிழ் அகராதியின் கடமை. தூய தமிழ் நடையில் இச்சொல்லை விலக்குவதும் விலக்காமையும் எழுதுவோர் விருப்பம். விலக்க விரும்புவோரும் இடத்திற்கேற்ப மைய, மெல்ல, நயமாக எனப் பிரித்து ஆளவேண்டும் என்பதை மேற்கண்ட சோதனை உணர்த்தும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன:

1. ‘நைஸ்’ ஆங்கிலத்தில் அறியாமையில் தொடங்கி நுண்மை வழியே இனிமையை அடைந்தது. மதிப்பு உயர, பொருட்கூர்மை குறைந்தது.

2. தமிழில் அதன் மையப்பொருள் நெருடல் இன்மை. வழவழப்பு, பொடித்தன்மை, மறைவான தந்திரம், இச்சகம் ஆகியவை அதன் கிளைகள். இனிமைப் பொருள் கல்விவழி வந்த மேலடுக்கு.

3. சொல்லின் வடிவம் ஆங்கிலத்தினது. பொருட்போக்கிற்குத் தடம் அமைத்தவை நை, நயம், நுண்மைச் சொற்கள் ஆகியன.

பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்துக என்பது உரியியலின் தொடக்கத்தில் தொல்காப்பியர் காட்டும் நெறி. அது கற்பிப்போர்க்குக் கூறப்பட்டதாயினும், மொழி பேசுவோரும் அந்நெறியிலேயே இயங்குகின்றனர். அயலிலிருந்து வந்த பயிலாத சொல் ஒன்றைத் தாம் பயின்ற நைதலோடும் நயத்தோடும் சார்த்திக்கொண்டே தமிழர் அதற்குப் பொருள் கண்டனர். மாவு நைசாக அரைபடவில்லை எனச் சொல்லும் தாய் கடன் வாங்கிய சொல்லைத்தான் ஆள்கிறார். அதில் அவர் இட்ட பொருள் கடன் வாங்கியதன்று.